கொழுந்திலா, பழுத்த இலையிலா?

மீன்தொட்டியின் முன்னால் உட்காருகிறவர்கள் மீனைப் பார்க்கிறார்கள். அசைவதுதானே கண்ணை இழுக்கும். ஒரு மாலை மட்டும் மீன்களை மறந்துவிட்டு, அவற்றுக்குப் பின்னால் அடக்கமாக நிற்கும் பச்சையைப் பாருங்கள். அதிலும் தழைத்துச் செழித்த தண்டுகள் வேண்டாம். உடல் வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும் ஒரு கொழுந்து, கணுவிலிருந்து தண்ணீருக்குள் தொங்கும் ஒரு வெள்ளை வேர், ஒரே தண்டில் பிறந்தும் ஒன்றுக்கொன்று முகம் ஒவ்வாத இலைகள் என்று வழக்கத்துக்கு மாறாக வளர்ந்தவற்றைத் தேடிப் பாருங்கள். "செடிக்கு என்னமோ ஆயிடுச்சு" என்று நம்மைக் கடைக்கு ஓடவைப்பவை இவைதாம். இவற்றுக்குள் எத்தனை ஒழுங்கு, எத்தனை நேர்த்தி! நோயென்று நாம் பதறுவதில் பாதி, செடியின் கைத்திறன்.

வாட்டர் விஸ்டீரியாவில் தொடங்கலாம். ஹைக்ரோஃபிலா டிஃபார்மிஸ் என்பது தாவரவியல் பெயர். இந்தியத் துணைக்கண்டத்துச் சதுப்புகளில் பிறந்தது. நம் வயல் ஓரத்து நீர்முள்ளியும் இதே ஹைக்ரோஃபிலா பேரினம்தான். சென்னை கொளத்தூரின் மீன் கடைகளில் கட்டுக் கட்டாகக் கிடைக்கும். வாங்கி வரும் நாளில் அதன் இலை முழுசாக இருக்கும். சற்றே தடிப்பு, ஓரத்தில் மெல்லிய பல்வெட்டு, தொட்டால் இலேசான சொரசொரப்பு. தொட்டியில் நட்டுச் சில நாளிலேயே அந்த அழகான இலைகள் சோரத் தொடங்கும். அப்போது வீட்டில் கவலை பிறக்கும். நீங்கள் அந்த வாடலை விட்டுவிட்டு நுனியைப் பாருங்கள். புதிதாக வரும் இணை இலையில் விளிம்பு சற்று ஆழமாக வெட்டுண்டிருக்கும். அடுத்த இணையில் வெட்டு இன்னும் உள்ளே போயிருக்கும். அதற்கும் அடுத்தது நடுநரம்பு வரைக்கும் பிளந்து, விரல் விரலாகப் பிரிந்து, நீரோட்டத்தின் ஒவ்வொரு சிற்றசைவுக்கும் தலையசைக்கும். அடியிலிருந்து நுனிவரை ஒரே தண்டில் மூன்று, நான்கு வடிவங்கள். கரையிலிருந்து நீருக்குள் இறங்கிய பயணத்தை அந்தத் தண்டு படிப்படியாகப் பதிந்து வைத்திருக்கிறது.

ஏன் இந்த வேஷமாற்றம்? நாற்றுப் பண்ணைகளில் இச்செடிகளை வேர் மட்டும் ஈரத்தில் இருக்க, இலையைக் காற்றில்தான் வளர்க்கிறார்கள். அங்கே கரியமில வாயு தாராளம். தண்ணீரில் அதே வாயு காற்றில் பரவுவதைவிடச் சுமார் பத்தாயிரம் மடங்கு மெதுவாகத்தான் பரவும். காற்றுக்கென்று தைத்த தடித்த மெழுகுத்தோல் அங்கே சுமை. ஆகவே செடி இலையை மெலிதாக்குகிறது, மெழுகைக் குறைக்கிறது, விளிம்பைக் கிழித்துக் கிழித்து நீர் தொடும் பரப்பைப் பெருக்கிக்கொள்கிறது. மூழ்கிவிட்டோம் என்ற சேதி அதற்கு எப்படிப் போகிறது என்பது இன்னொரு அழகு. செடிகளின் உடலில் எத்திலீன் வாயு எப்போதும் சிறிதளவு ஊறிக்கொண்டே இருக்கும். காற்றில் அது கரைந்து போய்விடும். நீருக்குள்ளோ வெளியேற வழியின்றித் திசுக்களுக்குள்ளேயே தேங்கும். பல நீர்த்தாவரங்கள் அந்தத் தேக்கத்தை வைத்தே தாம் இருக்கும் இடத்தைத் தெரிந்துகொள்கின்றன. பழைய இலை உதிர, புதிய இலை வேறு வடிவில் வருகிறது என்றால் அங்கே மருந்துக்கு வேலையில்லை. கரையோரத்து நீர்ப்பிரமியும் 'பக்கோப்பா' என்ற பெயரில் தொட்டிக்குள் வந்ததும் தன் சதைப்பற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக இளைக்கவிடும். அதையும் நோவாக எண்ண வேண்டாம்.

இதே மாற்றத்தைப் பதற வைக்கும் வேகத்தில் செய்துகாட்டுவது கிரிப்ட். இலங்கையின் நிழலோடைகளுக்கே உரிய கிரிப்டோகோரைன் வென்டி, டச்சுத் தாவரவியலர் டி விட் 1958-இல் பெயரிட்டு விவரித்த இனம். பச்சை, செம்பழுப்பு, வெண்கல நிறம் என ஒரே இனத்துக்குள் எத்தனை சாயல்கள்! இலையோரம் மெல்ல அலையலையாக நெளியும். அதை ஒரு தொட்டியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால் போதும், சில நாளில் இலைகள் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவ ஆரம்பித்து, பிறகு கொழகொழவென்று உருகி விழுந்துவிடும். வளர்ப்பவர்கள் இதை 'மெல்ட்' என்கிறார்கள். தண்ணீரின் தன்மை, வெளிச்சம், வெப்பம் எது சட்டென்று மாறினாலும் இது நேரும். செடி செத்தது என்று பிடுங்கி எறிகிறவர்கள்தாம் அதிகம். பிடுங்குமுன் மண்ணுக்குள் விரல்விட்டுக் கிழங்கை மெல்ல அழுத்திப் பாருங்கள். திண்ணென்று இருந்தால் உயிர் பத்திரமாக இருக்கிறது.

பிறகு வரும் காட்சிக்காகவே இந்தச் செடியை வளர்க்கலாம். வெறிச்சோடிய மண்ணிலிருந்து ஒரு குச்சி நீட்டும். ஊசியளவு, இளஞ்சிவப்பு கலந்த பழுப்பு. அது குச்சியில்லை, இலை. தாம்பூலத்துக்கு மடித்த வெற்றிலைச் சுருள்போலத் தன்னைத்தானே இறுகச் சுற்றிக்கொண்டு வருகிறது. ஒரு விளிம்பு உள்ளே, மறு விளிம்பு வெளியே. நாளொரு சுற்றாக அது நெகிழும்போது, உள்ளே அடங்கியிருந்த அலைவிளிம்பு ஒவ்வொரு மடிப்பாக வெளிவரும். புதிய தண்ணீருக்கென்று அளவெடுத்துச் செய்த இலை அது. உருகிப்போனவற்றின் சத்தில் ஒரு பங்கு கிழங்குக்குத் திரும்பி, இந்தச் சுருளுக்குள் வந்து சேர்ந்திருக்கும். நம் தென்னிந்திய ஆற்றுப்படுகைகளில் வாழும் ரெட்ரோஸ்பைராலிஸ் இதே குடும்பத்து மங்கை. மழைக்காலத்தில் மூழ்கியும் கோடையில் கரையேறியும் வாழப் பழகிய குலத்துக்கு, இலையைத் துறப்பது பெரிய காரியமில்லை.

இனி உண்மையான பசிக்கு வருவோம். செடிக்கு ஏதோ ஒரு சத்து குறைகிறது. அது எந்தச் சத்து என்று கண்டறிவதில் இருக்கும் நயம் எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது. கேட்க வேண்டிய முதல் கேள்வி ஒன்றே ஒன்று: அடையாளம் கொழுந்தில் தெரிகிறதா, பழுத்த இலையில் தெரிகிறதா?

செடிக்குள் சில சத்துகள் இடம்பெயரும்; சில, சேர்ந்த இலையிலேயே தங்கிவிடும். நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம், மக்னீசியம் நான்கும் நடமாடுபவை. தட்டுப்பாடு வந்தால் கீழே உள்ள முதிர்ந்த இலை தன்னிடம் இருப்பதைப் பிரித்தெடுத்து மேலே அனுப்பிவிட்டு, தான் வாடத் தொடங்கும். உச்சி செழிப்பாகவே இருக்கும். இரும்பும் கால்சியமும் அப்படியில்லை. ஒருமுறை ஓர் இலையில் சேர்ந்துவிட்டால் அங்கிருந்து கிளம்பாது. ஆகையால் பற்றாக்குறை முதலில் குருத்தில்தான் முகம் காட்டும், அடியிலைகள் கரும்பச்சையாக நிற்கும். ஒரு தண்டை மேலிருந்து கீழாகப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடுகிறது. சோதனைக் குழாய், வண்ண அட்டை எதுவும் தேவையில்லை. இவ்வளவு தெளிவாகத் தன் குறையைச் சொல்லும் உயிர் வேறு உண்டா என்று வியக்கிறேன்.

இரும்புப் பசியின் அழகை ஒரு ரோட்டாலாச் செடியின் நுனியில் பாருங்கள். இலையின் உடல் எலுமிச்சை மஞ்சளாக, சில சமயம் ஏறக்குறைய வெள்ளையாக வெளுத்திருக்கும். நரம்புகள் மட்டும் பச்சை. நடுநரம்பு, அதிலிருந்து பிரியும் கிளை, கிளையிலிருந்து பிரியும் இழை என்று, நல்ல நாளில் பச்சைக்குள் மறைந்து கிடந்த வலைப்பின்னல் முழுதும் துலங்கி நிற்கும். வரும் சொற்ப இரும்பு முதலில் நரம்போரத்துக்கே கிடைப்பதால் வரும் தோற்றம் இது. 1840-களிலேயே பிரான்சில் யூசேப் கிரீ என்பவர், வெளுத்த செடிகளுக்கு இரும்பு உப்பைக் கொடுத்து அவை பச்சையாவதைக் காட்டிவிட்டார். சத்துக்குறையை இலையின் நிறத்திலிருந்து வாசிக்கும் கலைக்கு அது நல்ல தொடக்கம்.

இங்கே நம்மூர்க்காரர்களுக்கு ஒரு நியாயமான சந்தேகம் வரும். போர் தண்ணீரில் இரும்பு வாடை அடிக்கிறது, வாளியில் காவி படிகிறது, அப்புறம் எப்படி இரும்புப் பற்றாக்குறை? அந்தக் காவிதான் விடை. காற்றுப்பட்ட காரத்தன்மையுள்ள தண்ணீரில் இரும்பு துருவாகிப் படிந்துவிடுகிறது. படிந்ததைச் செடியால் எளிதில் எடுத்துக்கொள்ள முடியாது. அதனால்தான் இரும்பைத் துருவாகவிடாமல் பிடித்துக்கொள்ளும் ஒரு சேர்மத்தோடு கட்டி விற்கிறார்கள். அத்தகைய சேர்மங்களில் ஈ.டி.டி.ஏ. என்பது அமிலத்தன்மையுள்ள நீரில் நன்றாகப் பிடிக்கும், பி.எச். 6.5-ஐத் தாண்டினால் பிடி தளரும். கடினமான தண்ணீர் உள்ள ஊர்க்காரர்கள் போத்தலில் டி.டி.பி.ஏ. என்று போட்டிருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

மேலே சொன்ன அதே பச்சை வலை, அதே வெளுத்த உடல், அடியிலையில் தெரிந்தால்? அப்போது கைநீட்ட வேண்டியது மக்னீசியத்தின் பக்கம். கோலம் ஒன்றுதான், வரைந்த இடம் வேறு, பொருளும் வேறு. மக்னீசியம் பச்சையத்தின் நடு அணு. மேலிருக்கும் கொழுந்துக்கு அது வேண்டும் என்று முதிர்ந்த இலை தன் பச்சையையே கலைத்துத் தருகிறது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு மஞ்சளாகும் ஓர் அடியிலையை என்னால் அலட்சியமாகக் கிள்ளி எறிய முடிவதில்லை. அது வேலை முடியும் வரை இருக்கட்டும் என்று விட்டுவிடுகிறேன்.

பொட்டாசியத்தின் முத்திரை வேறு மாதிரி. ஹைக்ரோஃபிலா பாலிஸ்பெர்மாவின் முதிர்ந்த இலைகளில் இது கைதேர்ந்த நுணுக்கத்தோடு தெரியும். முதலில் ஊசிமுனையளவு கரும்புள்ளி. பிறகு அதைச் சுற்றி மெல்லிய மஞ்சள் வளையம். பிறகு நடு உதிர்ந்து ஒரு துளை. இலையை விளக்குக்கு நேரே பிடித்தால் துளை ஒவ்வொன்றும் மஞ்சள் கரை கட்டி ஒளிரும். நத்தை கடித்ததோ என்று தோன்றும். கடித்த இடத்தில் இந்த மஞ்சள் வளையம் இருக்காது, விளிம்பும் பிய்ந்திருக்கும். நத்தைக்கு விழும் பழிகளில் பெரும்பங்கு பொட்டாசியத்துக்குப் போக வேண்டியது.

கால்சியக் குறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், அது அபூர்வம், ஆர்.ஓ. தண்ணீரை மட்டுமே ஊற்றுகிற தொட்டிகளில் வரும். குருத்திலைகள் கொக்கியாக வளைந்து, சிறுத்து, குவியும். சில நேரம் நுனியே கருகிப்போகும். நுனி போனதும் கீழ்க்கணுவில் இரண்டு பக்கத் துளிர்கள் கிளம்புமே, அதைக் கவனியுங்கள். அதுவரை உச்சிமொட்டின் ஆக்சின் என்னும் ஹார்மோன் அவற்றைத் தூங்க வைத்திருந்தது. தொட்டியில் செடியைக் கத்தரிக்கிறவர்கள் வேண்டுமென்றே செய்வதும் இதைத்தான்.

இதற்கிடையே ஒரு விந்தை. அதே பாலிஸ்பெர்மாவில் 'சன்செட்' என்று ஒரு வகை விற்கிறார்கள். ரோசநெர்விக் என்பது வணிகப் பெயர். அதில் இலையின் உடல் பச்சை அல்லது இளஞ்சிவப்பு, நரம்புகள் வெள்ளை. இரும்புக் குறையை அப்படியே தலைகீழாகத் திருப்பிப்போட்ட கோலம்! நரம்போரத்தில் நிறமியைத் தடுக்கும் ஒரு வைரஸே இதற்குக் காரணம் என்று செடி வளர்ப்பு நிறுவனங்களே சொல்கின்றன. செடிக்குப் பெரிய கேடில்லை. தண்டை வெட்டி நட்டால் அடுத்த தலைமுறைக்கும் அந்த வெள்ளை நரம்பு தொடர்கிறது. ஒரு நோயை இத்தனை பிரியமாகப் பேணி, விலைகொடுத்து வாங்கி, தொட்டியின் நடுவில் வைக்கிறோம். எனக்கு இதில் ஆட்சேபம் ஒன்றுமில்லை. அந்த வெண்ணரம்பு அத்தனை அழகு.

சிவப்பும் ஏறக்குறைய இதே கதை. ரோட்டாலா ரொட்டண்டிஃபோலியா செவ்வொளி வீசுவதைக் கண்டு மயங்காதவர் யார்? வெளிச்சம் மிகுந்து நைட்ரேட் குறையும்போது அந்தச் சிவப்பு ஏறுகிறது. பச்சையம் மட்டுப்பட, ஆந்தோசயனின் என்னும் சிவப்பு நிறமி மேலெழுகிறது. போட்டிக்குத் தொட்டி தயாரிப்பவர்களில் பலர் அளவறிந்து நைட்ரேட்டைக் குறைத்து அந்த நிறத்தை வரவழைக்கிறார்கள். நன்றாக உண்டு கொழுத்த ரோட்டாலா பச்சையாகவே இருக்கும். உங்கள் சிவப்புச் செடி பச்சையாகிவிட்டது என்றால், அதற்கு வயிறு நிறைந்திருக்கவும் கூடும். வெளிச்சம் போதாமலும் இருக்கலாம். எது என்று அறியக் கணுவுக்குக் கணு இடைவெளியைப் பாருங்கள். இடைவெளி நீண்டு தண்டு நெடுநெடுவென்று போனால் வெளிச்சத்தைத் தேடி எட்டுகிறது. கணுக்கள் நெருக்கமாக இருந்தால் வெளிச்சம் போதும்.

ஜாவா ஃபெர்னைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது, தவறாகக் குப்பைக்குப் போகும் செடிகளில் அதுவே முதல். நல்ல பச்சை இலையின் அடிப்பக்கத்தில் பழுப்பு மேடுகள் திடீரென்று தோன்றும். பூச்சி முட்டையென்று கிள்ளுகிறார்கள். அவை வித்துப்பைகள். பெரணி இனத்துக்குப் பூ இல்லை, விதை இல்லை. இந்த மேடுகளில்தான் அதன் சந்ததி உறங்குகிறது. அதோடு நிற்பதில்லை. இலை நுனியிலும் பரப்பிலும் குட்டிச் செடிகளே முளைத்துவிடும். நகக்கண் அளவில் இரண்டு மூன்று இலை, அடியில் பழுப்பு ரோமமாகத் தொங்கும் வேர். ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்: தாயிலையின் நரம்பு ஓடும் இடத்தோடு ஒட்டியே குட்டி உட்கார்ந்திருக்கும். உண்மையான நோயின் கரும்புள்ளி வேறு; அது ஒழுங்கற்றுப் பரவும், இலையின் இருபுறமும் தெரியும், தொட்டால் மேடு தட்டாது, நாளாக நாளாக ஒளி ஊடுருவும்.

கடினமான தண்ணீரில் ஹைட்ரில்லா வளர்ப்பவர்கள் இலையின் மேற்பரப்பில் வெள்ளை மாவு படிவதைக் கண்டிருப்பார்கள். விரலால் தடவினால் முரமுரவென்றிருக்கும். பூஞ்சையில்லை, சுண்ணாம்பு. கரைந்த கரியமில வாயு தீர்ந்துபோனதும் இந்தச் செடி தண்ணீரில் உள்ள பைகார்பனேட்டைப் பிளந்து தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்கிறது. இலையின் கீழ்ப்புறம் அமிலமாகவும் மேற்புறம் காரமாகவும் மாற, மேற்புறத்தில் சுண்ணாம்பு படிகிறது. இரண்டே செல் அடுக்கு தடிமனுள்ள ஓர் இலை, இரு முகத்திலும் இருவேறு ரசாயனம் நடத்துகிறது! ஐயமிருந்தால் ஓர் இலையை எடுத்து வினிகர் ஒரு துளி விடுங்கள், நுரைக்கும். தொட்டியில் கரியமில வாயு போதவில்லை என்பதே அதன் செய்தி.

வாலிஸ் எனப்படும் வல்லிஸ்னேரியாவில், நாடா இலைகளுக்கு நடுவே நூலாக ஒன்று சுருண்டு சுருண்டு மேலேறினால் அதையும் வெட்டிவிடாதீர்கள். அது பெண்பூவின் காம்பு. ஆண்பூக்கள் அடியிலிருந்து விடுபட்டு, தனித்தனியே மிதந்து வந்து நீர்மட்டத்தில் அதைத் தொடும். சூல் கொண்டதும் காம்பு திருகுசுருளாக இறுகிக் காயை ஆழத்துக்கு இழுத்துக்கொள்ளும். இந்தச் செடிக்கு ஒரு வரலாற்றுப் பெருமையும் உண்டு. லண்டன் வேதியியலர் ராபர்ட் வாரிங்டன் ஒரு கண்ணாடிக் கலத்தில் தங்கமீனையும் வல்லிஸ்னேரியாவையும் சேர்த்து வளர்த்தார். முதிர்ந்த இலைகள் அழுகித் தண்ணீர் கலங்கியது. அழுகலைத் தின்னும் குளத்து நத்தைகளை விட்டார். நீர் தெளிந்தது, செடியும் தழைத்தது. 1850-இல் அதை எழுதி வெளியிட்டார். மீன், செடி, நத்தை மூன்றும் ஒன்றையொன்று தாங்கும் மீன்தொட்டி என்ற எண்ணம் வேரூன்றியது, ஒருவர் அழுகும் இலையைக் கவனித்ததால்தான். நத்தையை எதிரியாக நினைப்பவர்கள் இதையும் நினைத்துக்கொள்ளட்டும்.

மாலையில் விளக்கணையும் நேரத்துக்கு முன் அம்புலியாச் செடியின் உச்சியைப் பார்த்ததுண்டா? பகலெல்லாம் விரிந்திருந்த இழையிலைகள் ஒவ்வொன்றாக மேல்நோக்கிக் கூம்பி, நுனி ஒரு மொட்டாகிவிடும். வாடுகிறது என்று பயப்பட ஒன்றுமில்லை, தூங்கப் போகிறது. விளக்கு நேரங்காட்டியில் ஒழுங்காக எரியும் தொட்டியில், அணைவதற்கு முன்பே கூம்பத் தொடங்குகிறது. செடிக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. அதேபோலத் தண்டின் கணுக்களில் தொங்கும் வெண்வேர்களும் பெரும்பாலும் குறையின் அடையாளமில்லை. தண்ணீரிலேயே உணவு இருக்கும்போது அதை எடுக்க அங்கேயே வேர்விடுவது அந்தச் செடிகளின் வழக்கம். பார்வைக்கு உறுத்தினால் கத்தரித்துக்கொள்ளலாம், செடி கோபித்துக்கொள்ளாது.

ஆகவே அடுத்தமுறை ஓர் இலை கோணினாலோ வெளுத்தாலோ, போத்தலைத் திறக்குமுன் அது மேலிலையா அடியிலையா என்று பாருங்கள். ஒரு படம் எடுத்து வையுங்கள். மருந்து கொடுத்த பிறகு நோயுற்ற அந்த இலையையே தினமும் உற்றுப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். வெளுத்த கொழுந்து ஓரளவு பச்சை திரும்பக்கூடும். துளை விழுந்த இலை மூடவே மூடாது. கொடுத்தது சரியா என்பதை அதற்குப் பிறகு பிறக்கும் இலைதான் காட்டும், அதற்கு ஒன்றிரண்டு வாரமாவது ஆகும்.